நம்பி சுமந்த கூடை

(செம்பரம்பாக்கத்தில் நடந்த மாதாந்திர வாசகர் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



நம் ஊரைத் தொட்டுக்கொண்டு போகிற பெங்களூர் நெடுஞ்சாலையில் இன்று கன்டெய்னர் லாரிகள் ஓடுகின்றன. ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்னால் இந்தத் திசையில் ஒருவர் பூக்கூடையோடு நடந்துபோனார் என்று வைணவ குருபரம்பரைக் கதைகள் சொல்கின்றன. அவர் திருக்கச்சி நம்பி. பிறந்த ஊர் இதோ பக்கத்தில், பூவிருந்தவல்லி. வணிகர் குடும்பத்துப் பிள்ளை. வணிகத்தை விட்டுவிட்டு நந்தவனம் வைத்தார். அங்கே பூத்ததை எடுத்துக்கொண்டு காஞ்சிபுரம் வரதராஜப் பெருமாளுக்குச் சாத்தப் போவார். வழியில் ஸ்ரீபெரும்புதூர். அந்த ஊர்ச் சிறுவன் ஒருவன் இவர் போவதையும் வருவதையும் பார்த்துப் பார்த்து இவரிடம் மனத்தைக் கொடுத்தான். அவன்தான் பின்னாளில் இராமானுஜர். பூவிருந்தவல்லிக் கோயிலில் தாயாருக்குப் புஷ்பவல்லி என்று பெயர். நம்பிக்கும் அங்கே சந்நிதி உண்டு. உங்களில் பாதிப்பேராவது அங்கே போய்க் கும்பிட்டிருப்பீர்கள்.

பக்திக் கதையாக இதைப் பலமுறை கேட்டிருக்கிறோம். நான் முப்பது வருடம் பள்ளிக்கூடத்தில் தாவரவியல் சொல்லிக்கொடுத்தவள். என் அம்மா பூவிருந்தவல்லியில் பூக்கட்டி எங்களை வளர்த்தவர். அதனால் இந்தக் கதையைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு நம்பியைவிட அவர் கூடையின் மேல்தான் கவனம் போகும். பூவிருந்தவல்லியிலிருந்து காஞ்சிபுரம் ஏறக்குறைய 50 கிலோமீட்டர். சுமையோடு நடந்தால் பத்துப் பன்னிரண்டு மணி நேரம் பிடிக்கும். நாம் வாங்குகிற மல்லியோ, ஸ்கூட்டர் டிக்கியில் அரைமணி நேரம் கிடந்தாலே துவண்டுவிடுகிறது. அவர் கூடையில் இருந்த பூ மட்டும் எப்படிச் சாமிக்குச் சாத்துகிற பக்குவத்தோடு போய்ச் சேர்ந்தது? அந்தக் கூடைக்குள் என்ன நடந்திருக்கும் என்பதைத் தாவரவியலும் சொல்லும், என் அம்மாவின் கையும் சொல்லும். இரண்டையும் சேர்த்துத்தான் இன்று பேசப்போகிறேன்.

முதலில் ஒன்று. செடியிலிருந்து பறித்தவுடன் பூ செத்துவிடுவதில்லை. பறித்த பிறகும் அது மூச்சு விடுகிறது, நீரை இழக்கிறது, தன் வயதைக் கடந்துகொண்டிருக்கிறது. தமிழில் இந்த வயதுகளுக்கெல்லாம் தனித்தனிப் பெயர் இருக்கிறது. தோன்றும்போது அரும்பு. விரியத் தொடங்கும்போது போது. விரிந்தபின் மலர். காம்பை விட்டுக் கீழே விழுந்தால் வீ. வாடிவிட்டால் செம்மல். தேவநேயப் பாவாணர் தொகுத்துச் சொன்ன இந்தப் பட்டியலைப் பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் இன்றும் படிக்கிறார்கள். பரீட்சைக்குப் படித்து மறந்துவிடுகிற வரிசையாகவே அது போய்விடுகிறது என்பதில் எனக்கு வருத்தம் உண்டு. வீட்டில் பூ வைத்துக் காப்பதற்கு அதைவிடத் தெளிவான பாடம் கிடையாது. எந்தப் பூவை எந்த வயதில் வாங்குகிறோம், எந்த வயதில் அதைப் பார்க்க விரும்புகிறோம் என்ற இரண்டும் தெரிந்துவிட்டால், நடுவில் இருக்கிற நேரத்தை நீட்டுவதா சுருக்குவதா என்பது நம் கையில் இருக்கிறது.

மல்லியையே எடுத்துக்கொள்வோம். விடிவதற்கு முன்பே தோட்டத்தில் இறங்கி, நன்றாகப் பருத்து வெளுத்த, ஆனால் வாய் திறக்காத மொட்டாகப் பார்த்துப் பறிக்கிறார்கள். அன்று மாலையில் மலர வேண்டிய மொட்டு அது. நேற்றே மலர்ந்ததைப் பறித்துப் பயனில்லை; நாளை மலர வேண்டியதைப் பறித்தால் அது மலரவே மலராது. பகலெல்லாம் அந்த மொட்டு மூடியே இருக்கும். பொழுது சாயும்போது வாய் திறக்கும். அதுவரைக்கும் வாசம் அவ்வளவாக இருக்காது. கவனித்திருக்கிறீர்களா, மத்தியானம் வாங்கிய மொட்டைக் கையில் அள்ளி முகர்ந்தால் பச்சை வாசம்தான் வரும். வாசனைப் பொருள்கள் மொட்டுக்குள் சர்க்கரையோடு பிணைந்து கட்டுண்டு கிடக்கின்றன. இதழ் விரிகிற நேரத்தில் நொதிகள் அந்தக் கட்டை அவிழ்க்கின்றன. அப்போதுதான் வாசம் காற்றில் ஏறுகிறது.

சீனாவில் ஃபூச்சோ என்ற ஊரில் மல்லிகைத் தேநீர் செய்கிறவர்கள் இந்த நேரக் கணக்கை வைத்தே தொழில் நடத்துகிறார்கள். நாம் தலையில் வைக்கிற அதே குண்டுமல்லிதான் அங்கேயும். பகலில் மொட்டைப் பறித்து வைத்திருந்து, மாலையில் அது வாய் திறக்கும்போது தேயிலையோடு கலந்து இரவு முழுக்க விட்டுவிடுவார்கள். பூ விடுகிற வாசத்தைத் தேயிலை குடித்துக்கொள்ளும். காலையில் பூவைச் சலித்து எடுத்துவிடுவார்கள். பிலிப்பைன்ஸ் நாட்டுக்கு இந்தக் குண்டுமல்லியே தேசிய மலர். இப்படி உலகம் முழுக்கப் போன பூவுக்கு மதுரையின் பெயரில் 2013இல் புவிசார் குறியீடு கிடைத்தது.

ஆகவே மல்லியைப் பொறுத்தவரை, வாடாமல் வைப்பது என்று நாம் சொல்வதே சரியில்லை. நாம் வாங்குவது போதாகப் போகிற மொட்டு. அது மலராக வேண்டிய நேரம்வரை அதன் ஈரத்தையும் குளிர்ச்சியையும் பாதுகாத்துத் தருவதுதான் நம் வேலை. மலர்ந்த பிறகு மல்லிக்கு ஓரிரவுதான் ஆயுள். அதை நீட்ட முடியாது, நீட்டவும் வேண்டாம்.

அந்த மொட்டுக்கு எதிரிகள் மூன்று. முதலாவது வெப்பம். வெப்பம் 10 டிகிரி கூடினால் பூ மூச்சு விடும் வேகம் ஏறத்தாழ இரண்டு மடங்காகும். மே மாதத்து 35 டிகிரி அறையையும் 5 டிகிரி ஃபிரிட்ஜையும் ஒப்பிட்டால், முப்பது டிகிரி வித்தியாசம். இரண்டு, நான்கு, எட்டு மடங்கு. ஃபிரிட்ஜில் எட்டு மணி நேரம் செலவாகிற உயிர், வெளியே ஒரு மணி நேரத்தில் செலவாகிவிடுகிறது. மூச்சு விடும்போது பூவும் வெப்பத்தை வெளியிடும். ஒரு கிலோ உதிரிப்பூவை நெருக்கமாகக் கட்டிவைத்து, நடுவில் விரலை விட்டுப் பாருங்கள், வெதுவெதுப்பாக இருக்கும்.

இரண்டாவது எதிரி உலர்ந்த காற்று. காம்போடு வெட்டிய ரோஜா தண்ணீரை உறிஞ்சிக்கொள்ளும். உதிரிப்பூவுக்கு அந்த வழி இல்லை. தன்னுள் இருக்கிற ஈரம்தான் அதன் முதல், செலவுதான் உண்டு, வரவு கிடையாது. மூன்றாவது எதிரியை நாமே வலிய அழைத்து வருகிறோம். அது தேங்கிய ஈரம். பாலிதீன் பையில் போட்டு வாயை இறுக்கி முடிந்துவிட்டால், பூ விட்ட மூச்சின் ஈரம் உள்பக்கம் துளித்துளியாகப் படிந்து பூவின் மேலேயே சொட்டும். துளி நின்ற இடத்தில் இதழ் பழுப்பாகும், கசங்கும், பிறகு பூசணம் பிடிக்கும். பூ ‘வெந்துபோச்சு’ என்று பூக்காரம்மாக்கள் சொல்கிறார்களே, அதைவிடப் பொருத்தமான சொல் தாவரவியல் புத்தகத்தில் இல்லை.

இப்போது நம்பியின் கூடைக்குத் திரும்புவோம். மூங்கில் கூடை, பின்னலின் இடுக்கு வழியாகக் காற்று போய்வரும், பூ விடுகிற வெப்பம் தங்காது. உள்ளே வாழை இலை. இலையின் மேல்தோலில் மெழுகு போன்ற பூச்சு இருப்பதால் பூவின் ஈரத்தை அது உறிஞ்சாது. பாலிதீன் மாதிரி மூச்சுமுட்ட அடைக்கவும் செய்யாது. கூடையின் மேலே ஈரத்துணி. நடக்கும்போது படுகிற காற்றில் அந்த ஈரம் ஆவியாகி, துணியையும் அதற்குக் கீழே இருக்கிற காற்றையும் குளிர்விக்கும். மண்பானைத் தண்ணீர் குளிர்வதும் இதே கணக்கில்தான். தொடுப்பதற்கு வாழைநார். நனைத்த நார் ஈரத்தைப் பிடித்துவைத்து, காம்பு சீக்கிரம் உலராமல் பார்த்துக்கொள்ளும். நூல் போலக் காம்பை அறுக்காது. இரவுக் குளிர்ச்சியில் இப்படி ஒரு கூடையைச் சுமந்து நடந்தால் விடியற்காலையில் காஞ்சிபுரத்தில் இறக்கிவைக்கலாம். மின்சாரம் இல்லாத காலத்தில் இவ்வளவு நுணுக்கமாக ஒரு குளிர்ப்பெட்டி செய்யத் தெரிந்தவர்கள் நம் பூக்கட்டிகள். அவர்களை யாரும் விஞ்ஞானிகள் என்று சொல்லவில்லை. நான் சொல்லுகிறேன்.

எங்கள் வீட்டில் ஃபிரிட்ஜ் வந்தது நான் வேலைக்குப் போன பிறகுதான். அதுவரை அம்மா, கட்டி முடித்த பூவை வாழை இலையில் சுற்றி, நாரால் ஒரு கட்டுப் போட்டு, மண்பானையின் தோளில் சாய்த்து வைப்பார். பானைக்கு அடியில் ஈரமணல். மாலையில் விளக்கேற்றும் நேரத்துக்குப் பொட்டலத்தைப் பிரித்தால் வீடே மணக்கும். கரண்ட் போகும் நாட்களில் இன்றும் நான் அப்படித்தான் வைக்கிறேன்.

இன்று நமக்கு வருகிற பூவின் பயணம் நம்பியின் பயணத்தைவிட நீளம். நிலக்கோட்டையிலிருந்தும் சத்தியமங்கலத்திலிருந்தும் ஓசூரிலிருந்தும் இரவோடு இரவாக வண்டி ஏறுகிறது. முன்பெல்லாம் சென்னைக்குப் பூ என்றால் பாரிமுனைப் பக்கம் பத்ரியன் தெருதான்; அந்த வட்டாரத்துக்கே பூக்கடை என்று பெயர் நிலைத்துவிட்டது. 1996இல் கோயம்பேட்டில் சந்தை வந்தது. அங்கிருந்து விடிகாலையில் பூவிருந்தவல்லிக்கும், அப்புறம் நம் ஊர்ச் சாலை ஓரத்துக்கும் வருகிறது. 2020 மே மாதத்தில் கொரோனாவால் கோயம்பேட்டை மூடியபோது, காய்கறிச் சந்தையை நம் பக்கத்துத் திருமழிசைக்குக் கொண்டுவந்தார்கள். பூச்சந்தையை மாதவரத்துக்கு அனுப்பினார்கள். கோயில் இல்லை, கல்யாணம் இல்லை. உருளைக்கிழங்கு காத்திருக்கும், வெங்காயம் காத்திருக்கும். மல்லி காத்திருக்குமா? செடியிலேயே விட்டார்கள், பறித்ததைக் கொட்டினார்கள். அந்த மாதங்களில் பூ விவசாயிகள் பட்ட பாட்டை நினைத்தால் இன்றும் மனம் ஆறவில்லை. பூவின் நேரம் எவ்வளவு குறுகியது என்பதை நாம் எல்லோரும் சேர்ந்து கண்ட காலம் அது.

சரி, வீட்டுக்கு வருவோம். காலையில் வாங்கிய மல்லியை மாலைவரைக்கும், அல்லது மறுநாள் விசேஷத்துக்கும் வைக்க வேண்டும். வாங்கும்போதே மொட்டின் நுனியைப் பாருங்கள். நுனி இறுகி, காம்பு பச்சையாக இருக்க வேண்டும். காம்பு சிவந்து பழுத்திருந்தால் அது முந்தின நாள் பூ. பாலிதீன் பையில் கொடுத்தால் வீட்டுக்கு வந்தவுடன் வெளியே எடுங்கள். பூவின் மேல் தண்ணீர் நின்றால் வெள்ளைத் துணியில் பரப்பி ஐந்து நிமிடம் காற்றாட விடுங்கள். பூவுக்குத் தண்ணீர் தெளிப்பது நல்லது என்று நினைத்துத் தெளித்துக்கொண்டே இருக்கிறோம். சாலை ஓரத்து வெயிலில் கடை போட்டிருக்கிறவர்களுக்கு வேறு வழியில்லை. வீட்டில் அது வேண்டாம். ஈரம் துணியில் இருக்கட்டும், பூவில் இருக்க வேண்டாம்.

பிறகு மூடியுள்ள ஒரு எவர்சில்வர் டப்பா. அடியில் வாழை இலைத் துண்டு, அதன்மேல் பூவைத் தளர்வாக வையுங்கள், மேலே நனைத்து ஒட்டப் பிழிந்த மெல்லிய துணி, பிறகு மூடி. ஃபிரிட்ஜில் டப்பா இல்லாமல் அப்படியே வைத்தால் காய்ந்துவிடும். ஃபிரிட்ஜின் காற்று குளிர்ச்சியானது, ஆனால் வறண்ட காற்று. ஃபிரீசர் பக்கம் கொண்டுபோகவே கூடாது. உறைந்தால் இதழின் செல்கள் வெடித்துவிடும். வெளியே எடுத்ததும் கண்ணாடி மாதிரி தெளிந்து கறுத்துப்போகும். சூடுவதற்கு அரைமணி, முக்கால்மணி நேரம் முன்னால் எடுத்துவைத்தால் மொட்டு அறையின் வெப்பத்துக்கு வந்து வாய் திறக்கும். ஃபிரிட்ஜிலிருந்து நேராக எடுத்துத் தலையில் வைத்துக்கொண்டு, ‘வாசமே இல்லை, என்ன பூவோ’ என்று பூக்காரம்மாவைக் குறை சொல்வது நியாயமில்லை.

முல்லையும் ஜாதிமல்லியும் மல்லியைவிட மென்மையானவை. அவற்றுக்கு இன்னும் தளர்வாக இடம் விடுங்கள். கனகாம்பரத்துக்கு இவ்வளவு உபசாரம் தேவையில்லை. வாசமும் கிடையாது, அவசரமும் கிடையாது; ஈரத்துணிக்குள் இரண்டு நாள் சாதாரணமாக இருக்கும். சாமந்தி எல்லாவற்றையும்விடத் தாங்கும். அதில் பூவுக்கு முன்னால் இலைதான் வாடும்.

செம்பருத்திக்கு மட்டும் ஒரு தனி அதிசயம் உண்டு. அது ஒருநாள் பூ. காலையில் விரிந்து மாலையில் சுருங்கும். தண்ணீரில் வைத்தாலும் வைக்காவிட்டாலும் அது தன் கணக்குப்படிதான் நடக்கும், அதனால் குவளையே வேண்டாம், தட்டில் வைத்தாலே போதும். மாலை பூஜைக்கு வேண்டுமென்றால் காலையில் விரிந்ததும் பறித்து, டப்பாவில் வைத்து ஃபிரிட்ஜுக்குள் விடுங்கள். அதன் கடிகாரம் மெதுவாகும். மாலையில் எடுத்தால் காலைப் பூவாகவே விரிந்திருக்கும். என் மாணவிகளுக்கு உயிர்க்கடிகாரம் என்ற பாடத்தை நான் இந்தப் பூவை வைத்துத்தான் நடத்துவேன்.

இதுவரை சொன்னது உதிரிப்பூ. காம்போடு வெட்டி வருகிற பூ நம் வீடுகளுக்குச் சற்றுப் புதிது. ஓசூரில் ரோஜா, ஊட்டியிலும் கொடைக்கானலிலும் கார்னேஷன், ஏற்காட்டுப் பக்கம் ஜெர்பரா என்று பசுமைக்குடில்களில் வளர்ந்து, பொக்கேயாக ரிசப்ஷன் மேடைக்கு வருகிறது. ரிசப்ஷன் முடிந்ததும் அந்தப் பொக்கே எங்கே போகிறது? மண்டபத்து மூலையில் கிடக்கும், அல்லது வீட்டுக்கு வந்து டிவி மேல் உட்கார்ந்து இரண்டே நாளில் தலை தொங்கும். அந்த ரோஜா சரியாகக் கவனித்தால் ஒரு வாரம் இருக்கக்கூடியது.

ரோஜா தலை தொங்குவதை வயதாகிவிட்டதாக எடுத்துக்கொள்கிறோம். பெரும்பாலும் அது தாகம். காம்புக்குள் மயிரிழைபோன்ற நீர்க்குழாய்கள் இருக்கின்றன. வெட்டிய நொடியில், தண்ணீருக்குப் பதிலாகக் காற்று உள்ளே ஏறி அடைத்துக்கொள்கிறது. பிறகு தண்ணீரில் வைத்தாலும் அந்தக் காற்றுக் குமிழியைத் தாண்டித் தண்ணீர் மேலே போகாது. இன்னொரு அடைப்பு, குவளைத் தண்ணீரில் பெருகுகிற கிருமிகள். வழவழவென்று காம்பின் அடியில் படிகிறதே, அதுதான். இரண்டுக்கும் மருந்து ஒன்றே: ஒரு வாளித் தண்ணீருக்குள் காம்பை அமிழ்த்திப் பிடித்து, தண்ணீருக்கு உள்ளேயே கூர்மையான கத்தியால் ஒன்றிரண்டு அங்குலம் வெட்டி எறியுங்கள். சாய்வாக வெட்டினால் காம்பு குவளையின் அடியில் தட்டையாக ஒட்டிக்கொள்ளாது. மழுங்கிய கத்திரி காம்பை நசுக்கிவிடும், அது வேண்டாம். தலை ஏற்கெனவே தொங்கிவிட்ட ரோஜாவாக இருந்தால், இப்படி வெட்டியபின் பூவோடு சேர்த்துச் செய்தித்தாளில் நேராகச் சுருட்டி, கழுத்தளவு வெதுவெதுப்பான தண்ணீரில் ஒரு மணி நேரம் நிறுத்துங்கள். பெரும்பாலானவை நிமிர்ந்துவிடும். அப்படி முதல் ரோஜா நிமிர்வதைப் பார்க்கிற சந்தோஷத்தை நான் சொல்லி விளக்க முடியாது.

குவளைத் தண்ணீருக்குள் ஒரு இலைகூட இருக்கக் கூடாது. அழுகுகிற இலைதான் கிருமிக்குச் சாப்பாடு. ஒரு லிட்டர் தண்ணீருக்கு இரண்டு டீஸ்பூன் சர்க்கரை, பாதி எலுமிச்சம்பழச் சாறு. சர்க்கரை பூவுக்கு உணவு. புளிப்பு, கிருமியைத் தடுக்கும், தண்ணீர் மேலேறவும் உதவும். சர்க்கரையை மட்டும் போட்டால் பூவுக்கு முன்னால் கிருமி சாப்பிட்டுவிடும். தினமும் தண்ணீரை மாற்றிக் குவளையைத் தேய்த்துக் கழுவ வேண்டும். பிளீச்சிங் பவுடரை எலுமிச்சைச் சாற்றோடு ஒருபோதும் கலக்காதீர்கள், நச்சு வாயு வரும். சிலர் ஒரு ரூபாய் நாணயம் போடுகிறார்கள். செம்பு கிருமியைக் கொல்லும் என்ற பழைய எண்ணத்தில் வந்த வழக்கம் அது. நம் கையில் இருக்கிற ஒரு ரூபாய் துருப்பிடிக்காத எஃகு. அதனால் எந்தப் பயனும் இல்லை.

தண்ணீர் என்றதும் நம் ஊர்க்காரர்கள் ஒரு விஷயம் கேட்க வேண்டும். 24 அடி ஆழமும் 3,645 மில்லியன் கன அடிக் கொள்ளளவும் உள்ள ஏரிக்கரையில் உட்கார்ந்திருக்கிறோம். இங்கே 2007இல் தொடங்கிய நிலையம் நாளொன்றுக்கு 530 மில்லியன் லிட்டர் சுத்திகரிக்கக்கூடியது. அந்தத் தண்ணீர் சென்னை வீடுகளுக்குப் போகிறது. குளோரின் சேர்த்த அந்தக் குழாய்த் தண்ணீர் பூவுக்கு நல்லது, கிருமி சட்டென்று பெருகாது. உப்பேறிய போர் தண்ணீரில் வைத்த பூ சீக்கிரம் வாடும். புது அடுக்ககங்களில் போர் தண்ணீருக்கு சாஃப்ட்னர் வைத்திருக்கிறார்கள். சோப்பு நுரைக்கும், ஆனால் அந்த இயந்திரம் சுண்ணாம்புச் சத்தை எடுத்துவிட்டு அந்த இடத்தில் சோடியத்தை வைக்கிறது. ரோஜாவும் கார்னேஷனும் சோடியத்தைத் தாங்காது. பூவுக்குக் கேன் தண்ணீரோ, குடிக்கிற ஆர்.ஓ. தண்ணீரோ ஒரு சொம்பு ஒதுக்குங்கள். ஜெர்பராவுக்கு மட்டும் அதிகம் ஊற்ற வேண்டாம். அதன் காம்பு ரோமம் உள்ளது, ஆழத் தண்ணீரில் அழுகிவிடும். மூன்று விரல் உயரம் போதும்.

என் மகளின் கல்யாணத்தில் நான் செய்த தவறு ஒன்றைச் சொல்ல வேண்டும். நண்பர்கள் கொடுத்த கார்னேஷன் பூங்கொத்தை மிகவும் ஆசையாகச் சாப்பாட்டு மேஜையின் நடுவில் வைத்தேன். தாம்பூலப் பையில் மிஞ்சிய பழுத்த வாழைச் சீப்புகளும், ஒரு கூடை மாம்பழமும் அதே மேஜையில் இருந்தன. மறுநாள் காலையில் அத்தனை கார்னேஷனும் இதழை உள்ளே மடித்துத் தூங்குவதுபோலச் சுருங்கிக் கிடந்தன. தண்ணீர் இருந்தது, சர்க்கரை இருந்தது. தாவரவியல் சொல்லிக்கொடுத்தவள் நான், பழத்தை மட்டும் மறந்துவிட்டேன். அழுகையே வந்துவிட்டது.

அமெரிக்காவில் சிக்காகோவின் பூ விவசாயிகள் நூறு ஆண்டுகளுக்கு முன் இதே காட்சியைக் கண்டு திகைத்திருக்கிறார்கள். கண்ணாடிக் கூடத்தில் கார்னேஷன்கள் காரணமில்லாமல் ‘தூங்கிப்போயின’. கிராக்கர், நைட் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 1908இல் காரணத்தைச் சொன்னார்கள்: விளக்கெரிக்கும் வாயுக் குழாயில் கசிவு, அதில் இருந்த எத்திலீன். அதற்கு ஏழு வருடம் முன்னால், 1901இல், ரஷ்யாவில் நெல்யுபோவ் என்ற மாணவர் பட்டாணி நாற்றுகள் கோணலாக வளர்வதற்கும் அதே வாயுவே காரணம் என்று கண்டிருந்தார். பிறகுதான் தெரிந்தது, பழுக்கிற பழம் ஒவ்வொன்றும் அந்த வாயுவைத் தானே விடுகிறது என்று. பழத்துக்குப் பழுக்கச் சொல்கிற செய்தி அது. பூவுக்கு வாடச் சொல்கிற செய்தி. வாழை, மாம்பழம், ஆப்பிள், தக்காளி இவை இருக்கிற ஃபிரிட்ஜ் தட்டில் மல்லி டப்பாவை வைக்காதீர்கள். ஊதுபத்திப் புகையிலும் அடுப்புப் புகையிலும் அந்த வாயு உண்டு. வாடிய பூவும் அதை வெளியிடும், அதனால் கொத்தில் ஒரு பூ வாடினால் அன்றே எடுத்துவிடுங்கள்.

பொக்கேயின் அடியில் பச்சை நிற ஸ்பாஞ்ச் ஒன்று இருக்கும். அது மக்காத பிளாஸ்டிக். காய்ந்துவிட்டால் மறுபடி நனைத்தாலும் சரியாக நீர் ஏறாது. வீட்டுக்கு வந்ததும் பூவை அதிலிருந்து பிடுங்கி, காம்பை வெட்டிச் சாதாரணச் சொம்பில் வையுங்கள். ஆர்க்கிட், ஆந்தூரியம் இரண்டும் வெப்பநாட்டுப் பூக்கள். ஃபிரிட்ஜில் வைத்தால் கறுத்துவிடும். லில்லி வந்தால் மகரந்தத் தாளைக் கிள்ளி எறியுங்கள், புடவையில் பட்டால் கறை போகாது. பூனை வளர்ப்பவர்கள் லில்லியையே தவிர்த்துவிடுங்கள், பூனைக்கு அது விஷம்.

அரளி வைத்த தண்ணீரைப் பற்றிச் சொல்லாமல் போக முடியாது. சாமிக்கு அரளி விசேஷம். ஆனால் செடி முழுக்க விஷம், அது நின்ற தண்ணீரும் விஷம். குழந்தையோ மாடோ நாயோ வாய் வைக்கிற இடத்தில் அந்தக் குவளையை வைக்காதீர்கள். தண்ணீரை உடனே சாக்கடையில் ஊற்றுங்கள். கடையில் வாங்கிய ரோஜா இதழில் குல்கந்து செய்யலாமா என்று ஒரு அம்மா கூட்டத்துக்கு முன் கேட்டார். வேண்டாம் அம்மா. விற்பனை ரோஜாவுக்கு அடிக்கிற பூச்சிமருந்து சாப்பிடுகிற பொருளுக்கு அடிப்பது அல்ல. வீட்டில் மருந்தடிக்காத பன்னீர் ரோஜா இருந்தால் தாராளமாகச் செய்யுங்கள்.

தாமரைக்கு வருகிறேன். இறுகிய மொட்டாக வாங்கினால் பெரும்பாலும் தானாக மலராது. அதனால்தான் இதழை ஒவ்வொன்றாக உள்ளே மடித்துவைக்கிற வழக்கம் வந்தது. இலங்கைக் கோயில்களிலும் தாய்லாந்திலும் இதைக் கலையாகவே செய்கிறார்கள். தண்டு குழல் குழலாக இருக்கும். தலைகீழாகப் பிடித்து அந்தக் குழலில் தண்ணீர் நிரப்பி, விரலால் அடைத்தபடியே குவளைக்குள் இறக்குங்கள். ஒருநாள் கூடுதலாக நிற்கும்.

வாடிய பின்னும் வாசம் போகாத பூ ஒன்று நம்மிடம் இருக்கிறது. மகிழம்பூ. உதிர்ந்து, காய்ந்து, பழுப்பேறிய பிறகும் மணக்கும். செம்மலான பின்னும் பெயரைக் காப்பாற்றுகிற பூ. அதைக் கோத்து நிழலில் காயவைத்துப் புடவைகளுக்கு நடுவே வைப்பார்கள். ரோஜாவையும் சாமந்தியையும் நிறம் மங்காமல் உலர்த்த வேண்டுமென்றால், சலித்துக் கழுவிக் காயவைத்த ஆற்றுமணலில் பூவை நேராக நிறுத்தி, இதழ்களுக்கு நடுவிலும் மெல்ல மணலைத் தூவி மூடி, இரண்டு மூன்று வாரம் அசைக்காமல் விடுங்கள். மல்லியை அப்படிச் செய்யப் பார்க்காதீர்கள். அது வெறும் பழுப்புத் துணுக்காகத்தான் மிஞ்சும்.

வீட்டுக்குப் போகிற வழியில் எல்லோருக்கும் ஒரு வேலை தருகிறேன், பழைய வாத்தியார் பழக்கம் விடவில்லை. நாளைக் காலையில் இரண்டு முழம் மல்லி ஒரே பூக்காரம்மாவிடம் வாங்குங்கள். ஒரு முழத்தைப் பாலிதீன் பையில் முடிந்து வையுங்கள். இன்னொன்றை வாழை இலையில் சுற்றி, ஈரத்துணி போர்த்தி, தண்ணீர்ப் பானைக்குப் பக்கத்தில் வையுங்கள். ஃபிரிட்ஜ் வேண்டாம். மாலை ஆறரை மணிக்கு, வீட்டுப் பிள்ளைகளைக் கூப்பிட்டு, கண்ணை மூடச்சொல்லி இரண்டு பொட்டலத்தையும் அவர்கள் மூக்குக்கு நேரே பிரியுங்கள். எத்தனை மொட்டு விரிந்தது, எத்தனை பழுப்பாயிற்று என்று அவர்களையே எண்ணி எழுதச் சொல்லுங்கள். அடுத்த மாதம் அந்தக் கணக்கோடு வாருங்கள். உட்கார்ந்து பேசுவோம்.